தடம் விடுகிற குண்டு

எங்கள் கட்டடத்தில் ஒற்றைக் கையுறை கண்டெடுக்கப்பட்டால் அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. எடுத்தவர் அதை வாசல் கம்பியில் செருகிவிடுவார். பனி உருகும்வரை அது போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருக்கும். பிறகு குப்பைக்குப் போகும். ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கிற எங்கள் புருசெத் முழுவதும் இந்த நடைமுறையோடு திருப்தியாக வாழ்ந்தது. மேல்மாடிக்காரர் ஒருவருக்கு மட்டும் அது போதவில்லை.

அவர் கையுறையைக் கம்பியிலிருந்து உருவிக்கொண்டு மாடி மாடியாக ஏறிக் கதவு தட்டுவார். பாகிஸ்தான்காரர் வீட்டில் தேநீர் கொடுப்பார்கள். நோர்வே மூதாட்டி கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே இல்லை என்பார். எங்கள் தமிழ் ஆட்கள் "உமக்கு வேறை வேலை இல்லையோ" என்று கேட்பார்கள். ஒரு முறை அந்தக் கையுறை கட்டடத்தில் எவருடையதும் அல்ல, விடியலில் பத்திரிகை போடுகிற பெண்ணுடையது என்று கண்டுபிடித்து, அவளுக்காக வாசலில் காத்து நின்று கொடுத்துவிட்டுத்தான் தன் வேலைக்குப் போனார். அவள் பயந்துபோனாளாம். இருட்டில் ஒருவன் கையுறையோடு நின்றால் யாருக்கும் பயம் வரும்.

வராத பேருந்து எங்கே நின்றுவிட்டது, சொல்லாமல் வீடு மாறிய குடும்பம் எந்தப் பக்கம் போனது, யாருடைய பூனை யாருடைய பல்கனியில் இருக்கிறது, இதெல்லாம் தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் ஆட்கள் அவருக்கு 'மோப்பம்' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். அவருடைய மனைவிக்கும் தெரியும். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்தவர் வீட்டில் கணவரைக் காணாவிட்டால் என் கதவைத் தட்டி, "மோப்பம் இஞ்சை வந்ததோ அண்ணை?" என்று கேட்பார்.

நான் அப்போது நகராட்சியின் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். எந்த விண்ணப்பம் எந்த மேசைக்குப் போகும், எந்த மேசையில் உறங்கும், அதை எழுப்ப எந்தப் பிரிவைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பாடம். இப்போது எனக்கு ஓய்வு. அந்தப் பாடத்துக்கு ஓய்வில்லை, இன்னமும் தினமும் வேலைக்குப் போய்வருகிறது. அவர் என்னோடு பழகத் தொடங்கியதும் அதனால்தான். என் பேச்சழகுக்காக யாரும் என்னிடம் வந்ததில்லை.

அவருடைய தம்பி யாழ்ப்பாணத்தில் ஒரு காலை மருந்துக் கடைக்குச் சைக்கிளில் போனவர். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். போனவர் திரும்பவில்லை. சைக்கிளும் திரும்பவில்லை. யாரும் ஒன்றும் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததாகச் சொல்ல ஒருவர்கூட முன்வரவில்லை. இவர் அந்த நேரம் ஒஸ்லோவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். செய்தி வந்தபோது கையில் சவர்க்கார நுரை இருந்தது என்று சொல்வார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றிச் சொன்னதில்லை.

தேடுவதற்கும் நடைமுறை உண்டு. அதையும் நான் அறிவேன். எல்லா இடங்களுக்கும் எழுதினேன். நல்ல மொழி, சரியான இணைப்புகள், பதிவுத் தபால். தங்கள் கடிதம் கிடைத்தது என்று எல்லோரும் பதில் எழுதினார்கள். கிடைத்தது கடிதம் மட்டும்தான். சமாதானப் பேச்சு நடந்து யாழ்ப்பாணப் பாதை திறந்த காலத்தில் அவரே போய், முகாம் முகாமாக, அலுவலகம் அலுவலகமாக, தம்பியின் படத்தைக் காட்டிவிட்டு வந்தார். திரும்பி வந்த அன்று நிலத்தடி ரயில் நிலையத்தில் இறங்கி நேரே என்னிடம்தான் வந்தார். "ஒரு செருப்பெண்டாலும் கிடந்திருக்கலாம் அண்ணை" என்றார்.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தார். கூட வேலை செய்த நோர்வேக்காரர் வேட்டைக்குப் போகிறவர்; இவரையும் வேட்டைக்காரர் பரீட்சைக்குப் படிக்க இழுத்துக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமைகளில் முட்டையும் தொடாத மனிதர் முதல் வகுப்பிலேயே நின்றுவிடுவார் என்று நினைத்தேன். ஒரு மாலை பாடப்புத்தகத்தோடு வந்து ஒரு பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். மானுக்குச் சூடு பட்டு அது விழாமல் ஓடினால், சுட்டவன் அதைத் தேடியே ஆக வேண்டும். அன்றும் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் அடுத்த நாளும் தேட வேண்டும். நாய் கொண்டுவர வேண்டும். கிடைக்காவிட்டால் நகராட்சிக்கு அறிவிக்க வேண்டும்.

"இது உண்மையோ அண்ணை?"

"சட்டம்."

"மானுக்கு?"

"மானுக்கு."

புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தார். பரீட்சையில் நல்ல புள்ளியோடு தேறினார். அந்த ஒரு பக்கத்துக்காகவே தேறினார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மற்றவர்கள் நவீனத் துவக்கு வாங்கினார்கள். இவர் பழைய துவக்குக்காரரின் கழகம் ஒன்றில் சேர்ந்து, குழல் வாயால் வெடிமருந்து போட்டு, குண்டை வைத்துக் கம்பியால் இடித்து இறக்குகிற துவக்கை வாங்கினார். வன்னிப் பக்கம் அதை இடியன் என்பார்கள். மானுக்கு அதைக் கொண்டுபோகத் தனியாக அனுமதி கேட்க வேண்டியிருந்தது. கேட்டு எழுதியவன் நான். ஏன் இந்தத் தொல்லை என்றதற்கு, மற்றத் துவக்கில் கை தன்பாட்டில் இரண்டாவது சூட்டுக்குப் போய்விடும், இதில் ஒன்றுதான், அதனால் கிட்டப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். நியாயமான பதில். ஆனால் அவர் அந்த இடியனுக்குக் குண்டு தேர்ந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஆளைப் புரிந்தது.

என்னிடம் பழைய நாளிதழ்கள் மலைபோல் கிடந்தன. அவற்றைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, கழகத்தின் சுடுதளத்துக்குக் கொண்டுபோனார். தூக்குவதற்கு என்னையும். ஈர நாளிதழ் கிட்டத்தட்ட இறைச்சி மாதிரிக் குண்டை மறிக்கும் என்பது அந்தத் தொழில்காரர் நம்பிக்கை. என் நாளிதழுக்கு அப்படி ஒரு பயன் இருந்ததை அன்றுதான் அறிந்தேன்.

முதலில் வட்டக் குண்டு. மென்மையான ஈயத்தில் வார்த்த சின்ன உருண்டை. அதை எண்ணெய் பூசிய சீலைத் துண்டில் பொதிந்து இறக்குவார்கள். அந்தத் துவக்கின் குழலுக்கு அதுதான் பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். பலகையில் அடித்துப் பார்த்தபோது ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் நாளிதழ்க் கட்டில் பாதி வழியில் அப்பளம்போல் சப்பையாகி நின்றுவிட்டது. மருந்தைக் கூட்டினார். வேகம் கூடிய குண்டு இன்னும் முன்னதாகச் சப்பையாகி, இன்னும் முன்னதாக நின்றது. மருந்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிற உலகத்துக்கு இது ஒரு நல்ல பாடம். யாரும் படிப்பதில்லை.

பிறகு நீளக் குண்டு. பாரமானது, நாளிதழ்க் கட்டைத் துளைக்கும். ஆனால் அந்தக் குழலின் உட்சுவர்ப் பள்ளங்கள் மெதுவாகச் சுழல்பவை. நீளக் குண்டு போதுமான சுழற்சி கிடைக்காமல் தள்ளாடிப் போய்ப் பலகையில் பக்கவாட்டாக விழுந்தது. கடைசியில் இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டைக் குண்டைப் பிடித்தார். நீளக் குண்டைவிட நீளம் குறைவு, வட்டக் குண்டைவிடப் பாரம் கூட. மருந்தும் நடுத்தரம். கிட்டத்தில் நேராகப் போனது, தூரத்தில் சிதறியது. ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டின் பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் ஓடிப்போய் அந்தக் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தார்.

"வட்டக் குண்டுதானே நேராய்ப் போகுது. பிறகென்ன?" என்றேன்.

"நேராய்ப் போகுது அண்ணை. உள்ளுக்கை நிண்டிடுது."

"நிண்டால் மான் விழும்தானே?"

"விழும். விழாட்டி?"

பிறகு விளக்கினார். குண்டு உள்ளே நின்றால் ஒரு துளைதான். அதை மயிரும் தோலும் மூடிக்கொள்ளும், இரத்தம் உள்ளுக்குள்ளேயே நிறையும், மான் ஒரு சொட்டும் சிந்தாமல் காட்டுக்குள் போய் எங்கேயோ கிடந்து சாகும். மறுபக்கத்தால் வெளியே வந்தால் இரண்டு துளை, கீழே நிலத்தில் தடம். "எங்கை போனதெண்டாவது தெரிய வேணும்" என்றார். அதற்காக, தூரத்துச் சூட்டை எல்லாம் கைவிட்டார். முகம் தெரிகிற தூரத்துக்கு வந்தால் சுடுவது, இல்லாவிட்டால் விடுவது.

கழகத்தின் மூத்த உறுப்பினர், வெள்ளைத் தாடிக்காரர், இதையெல்லாம் புகைக்குழாய் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு என்னிடம் சொன்னார்: இங்கே எல்லோரும் படும் என்று நினைத்துக் குண்டு தேர்கிறோம், சூடு பிழைத்தால் என்ன செய்வது என்று நினைத்துத் தேர்ந்த ஆளை இன்றுதான் காண்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நோர்வேக்காரர் கேட்கமாட்டார்கள். சில நாட்களில் அது அவர்களுடைய பெரிய குணமாகத் தெரியும்.

சில இலையுதிர் காலங்கள் நன்றாகப் போயின. சுட்ட மான்களெல்லாம் கண்ணெதிரே விழுந்தன. மனைவி மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிய இறைச்சி கட்டடம் முழுவதும் மணத்தது. கையுறைக்காகக் கதவு திறக்காதவர்களும் அதற்குத் திறந்தார்கள்.

பிறகு அந்த அழைப்பு வந்தது. வேட்டைக்குப் போகிற வார இறுதிக்கு முதல் நாள் மாலை, நான் அவர்கள் குசினியில் இருந்தேன். அவர் போனை எப்போதும் சத்தமாக்கி மேசையில் வைத்துத்தான் ஊரோடு கதைப்பார், எல்லோரும் கதைக்கலாம் என்று. பேசியவர் தம்பியின் மனைவி. அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு இப்போது கல்யாணம். தகப்பன் இடத்தில் நின்று தாரை வார்க்கப் பெரியப்பாவான இவர் போவதென்று முன்பே முடிவாகியிருந்தது. இப்போது அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். அச்சகத்துக்காரர் கேட்கிறாராம், பெண்ணின் தகப்பன் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவதா, வேண்டாமா.

போடாவிட்டால் உயிரோடு இருப்பவர் ஏன் மணவறையில் இல்லை என்று சபை கேட்கும். போட்டால் அன்றோடு முடிந்தது. தேடலும் முடிந்தது, தம்பி மனைவியின் நெற்றிப் பொட்டும் முடிந்தது.

"நீங்கள் சொல்லுறபடி செய்வம் அத்தான்" என்றார் தம்பியின் மனைவி. குரலில் ஒரு பாரமும் இல்லை. அப்படிப் பழகியிருந்தார்.

காட்டிலிருந்து வந்து சொல்கிறேன் என்று இவர் போனை வைத்தார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"எத்தினை வருசமா அந்த மனிசி கண்ணாடிக்கு முன்னாலை பொட்டை வைக்கிறதோ அழிக்கிறதோ எண்டு நிக்குது? அதைச் சொல்லுங்கோ."

"நான் போடச் சொல்ல, அவன் வந்து நிண்டா?"

"வந்து நிண்டா அந்தக் கடதாசியைக் கிழிச்சு எறிஞ்சுபோட்டுச் சோறு போடுவம்."

"அவனுக்கு நான் என்ன சொல்லுறது? உன்னைச் சாக விட்டது நானெண்டோ?"

மனைவி திரும்பி அடுப்பை மறுபடி மூட்டினார்.

மறுநாள் அவர் சுட்டார். கிட்டத்தில்தான், தன் கணக்குப்படி சரியான தூரத்தில்தான். ஆனால் கரிமருந்துத் துவக்குக்கு ஒரு குணம் உண்டு: சுட்டவனுக்கும் சுடப்பட்டதுக்கும் நடுவில் வெள்ளைப் புகை எழுந்து நிற்கும். புகை கலைந்தபோது மான் நின்ற இடத்தில் செடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. தடம் இருந்தது. புளூபெர்ரிச் செடிகளில், வழியின் இரண்டு பக்கமும், அவர் விரும்பியபடியே சிவப்பாக இருந்தது. குண்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அவர் முறைப்படி காத்திருந்து, வேட்டைக் குழுத் தலைவருக்கு அறிவித்து, நாய்க்குச் சொல்லி அனுப்பினார். நாய் வருவதற்கு முன் மழை வந்தது.

அன்று மாலை என்னை அழைத்தார். "அண்ணை, நாளைக்கு ஞாயிறுதானே?" என்று மட்டும் கேட்டார். விடிந்ததும் போனேன். காட்டுக்குப் பொருந்தாத சப்பாத்தோடு போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கூட வந்த வேட்டைக் குழுவினர் அன்று முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாய்க்காரி நடுத்தர வயது நோர்வேப் பெண். கட்டைக்கால் நாயொன்றை நீண்ட கயிற்றில் விட்டிருந்தார். அது மூக்கை நிலத்தில் வைத்து, ஒரு சரிவில் இறங்கி, சதுப்பு நிலத்தின் ஓரமாகப் போய், ஓர் ஓடைக்கரையில் நின்றுவிட்டது. அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். மேலும் கீழும் கொண்டுபோனார்கள். இவர் நாய்க்குப் பின்னால் போகவில்லை. நாய் விட்ட இடங்களிலெல்லாம் முழங்காலில் இருந்து, ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். காற்சட்டை தொடைவரை சேறு. யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது நாய்க்காரி கயிற்றைச் சுற்றினார். செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று, நகராட்சிக்கு நான் அறிவிக்கிறேன் என்றார். இவருடைய தோளில் ஒரு முறை கை வைத்துவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்.

அவர் ஓடைக்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

"அண்ணை, நிப்பாட்டலாம் எண்டு ஆர் சொல்லுறது? அவவோ?"

"இல்லை. இண்டையோடை உம்மடை கடமை முடிஞ்சுது. இனித் தேடுறதோ விடுறதோ எண்டு நகராட்சிதான் சொல்லும்."

"சுட்டது நானெல்லோ?"

"அதாலைதான் உம்மைக் கேக்கேல்லை. சுட்டவனைக் கேட்டா அவன் நிப்பாட்டமாட்டான். வேறை ஆராவது சொல்ல வேணும்."

சட்டத்தை எழுதியவர்கள் அப்படி நினைத்துத்தான் எழுதினார்களா என்று எனக்குத் தெரியாது. ஆறுதலுக்குச் சொன்னேன். சட்டத்தை ஆறுதலுக்குப் பயன்படுத்தியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அவர் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"தம்பிக்கு நகராட்சி இல்லை அண்ணை."

கார் ஒஸ்லோவுக்குள் நுழைந்து குரோருட் தாண்டும்போது, ஊரில் இப்போது நேரம் என்ன என்று கேட்டார். இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும் என்றேன்.

சேற்றுச் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் போனார். மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். இவர் போனை மேசையில் வைத்து இலக்கங்களை அழுத்தினார். முதல் மணியிலேயே தம்பியின் மனைவி எடுத்துவிட்டார். காத்திருந்திருக்க வேண்டும்.

"பிள்ளை," என்றார், "அமரர் எண்டு போடும்."

அழுகைக்கு நாங்கள் மூவரும் ஆயத்தமாக இருந்தோம். அவருடைய மனைவி சேலைத் தலைப்பை ஏற்கெனவே வாயில் வைத்திருந்தார். அழுகை வரவில்லை.

"சரி அத்தான்," என்றது குரல். பிறகு, கடையில் விலை கேட்பது போல, "அப்ப நான் கலியாணத்தண்டைக்கு என்ன நிறத்திலை உடுக்கிறது?"

அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சேற்றுத் தடம் மேசையிலிருந்து ஜன்னல்வரை கிடந்தது. நாங்கள் இருவரும் போனைத் தொடவில்லை.

"அத்தான்," என்றது போன். "லைனிலை நிக்கிறியளோ?"

அவர் திரும்பி வந்தார். குனிந்து, வாயைப் போனுக்கு மிகக் கிட்டக் கொண்டுபோய், "ஓம் பிள்ளை, நிக்கிறன்" என்றார். இரண்டு பக்கமும் போனை வைக்கவில்லை. காசு கட்டி வாங்கிய தொலைபேசி அட்டையில் இருந்த நேரம் முடிந்து போன் தானாக அறும்வரை அவர் அப்படியே குனிந்து நின்றார்.